ஒற்றைக் கசையிழையின் இடம்: திருவரங்கத்து வாந்திபேதியும் ஒரு நுண்ணுயிரியல் வினாவின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

காலரா எனப்படும் வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா, தன் உடலின் ஒரு முனையில் மட்டும், ஒரே ஒரு கசையிழையைக் கொண்டது. அது வளர்ந்து இரண்டாகப் பிரியும்போதெல்லாம் ‘ஒன்று’ என்னும் எண்ணும் ‘முனை’ என்னும் இடமும் மாறாமல் காக்கப்படுகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினா 2000-ஆம் ஆண்டையொட்டியே முறையான ஆய்வுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒரு நூற்றாண்டில் அக்கசையிழை நோய்க்கிருமியை இனங்காட்டும் அடையாளமாகவே பயன்பட்டது. இந்தத் தாமதத்திற்குக் கருவிகள் இல்லாமை ஒரு காரணம். காலராவை ‘எங்கே இருக்கிறது’ என்று மட்டுமே கேட்கப் பழகிய காலனிய நோய்த்தடுப்பு நிருவாகம் மற்றொரு காரணம். திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஊர்களைக் களமாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வாந்திபேதி, காவிரி, திருவரங்கம், விப்ரியோ காலரே, கசையிழை, உயிரணுப் பிரிவு, காலனியச் சுகாதாரம்.

ஆறும் திருவிழாவும்

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம். தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் உள்ளன. காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி நகரம். 1836-1838 காலத்தில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியபின், எக்கிளையில் எவ்வளவு நீர் செல்லவேண்டும் என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்யத் தொடங்கினர். நகரின் ஊடே உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. மலைக்கோட்டையின் அடியில் தெப்பக்குளம், திருவரங்கம் கோயிலுக்குள் சந்திர புஷ்கரணி, தெருக்களில் கிணறுகள் என நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. குழாய்நீர் வருவதற்கு முன், குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் முகப்பதும் பெரும்பாலும் ஒரே படித்துறையில் நடந்தன. கோடையில் ஆறு வற்றியதும் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்தனர்.

எந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் திருவரங்கம் கோயிலுக்கு என்றுமே ஓர் ஒழுங்கு உண்டு. ஐப்பசி மாதம் முழுவதும் திருமஞ்சனத் தீர்த்தம் காவிரியின் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தங்கக் குடத்தில் யானைமீது எடுத்து வரப்படும். ஏனைய மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடங்களில் வரும். இவ்வழக்கம் தூய்மை பற்றிய சமயக் கருத்தினடியாக எழுந்தது. நோயியலோடு அதற்குத் தொடர்பில்லை. ஆயினும் நீரின் பிறப்பிடத்தைக் கவனிக்கும் பழக்கம் இவ்வூரில் பாக்டீரியாவியலுக்கு மிக முற்பட்டது என்பதை நினைவிற்கொள்வது நன்று. ஊர்மக்கள் நீரைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் என்ற தொனியில் காலனிய அறிக்கைகள் எழுதப்பட்டன என்பதனாலேயே இதைக் குறிப்பிடவேண்டியுள்ளது.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசியையொட்டிப் பகல் பத்து, இராப் பத்து என நீளும் திருவிழாவிற்குத் தொலைதூரங்களிலிருந்தும் அடியார்கள் வந்து குவிந்தனர். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. அதுவரை பல நாள் நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தவர்கள் இப்போது ஒரே பகலில் வந்திறங்கினர். நோய் அரும்பும் காலம் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை உள்ள வாந்திபேதிக்கு இந்த மாற்றம் மிகப் பெரிது. நடந்து வருபவர் வழியிலேயே நோயுறுவார். தொடர்வண்டியில் வருபவர் நலமாக வந்து சேர்ந்து சத்திரத்தில் நோயுறுவார். இவ்வாறு, நோய் தோன்றிய ஊராகத் திருவிழா நடக்கும் ஊரே பதிவேட்டில் இடம்பெற நேர்ந்தது.

இடமா, நீரா, பயணியா?

1817-இல் வங்காளத்தின் ஜெஸ்ஸூரில் பெருமளவில் வெடித்த காலரா அடுத்த ஆண்டிலேயே சென்னை மாகாணத்திற்குள் நுழைந்தது. மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவே 1827-இல் பத்திகொண்டாவில் அந்நோயால் இறந்தார். படைவீரர்களிடையே நோய் பரவியதால் ஆட்சியாளர்களுக்கு அது முதலில் இராணுவச் சிக்கலாகத் தோன்றியது. திருச்சிராப்பள்ளியும் ஒரு பெரிய படைத்தளமாக இருந்தது. 1866-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டிற்குப் பின் பார்வை மாறியது. காலராவின் பிறப்பிடம் இந்தியா என்றும், அதைச் சுமந்து பரப்புவதில் புனிதப் பயணிகளின் கூட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு என்றும் அம்மாநாடு அறிவித்தது. அன்றிலிருந்து பூரியும் ஹரித்துவாரும் மட்டுமன்றித் தென்னிந்தியத் திருவிழா ஊர்களும் ஐயத்திற்குரிய இடங்களாயின.

இந்தியாவிலிருந்த ஆங்கில மருத்துவ அதிகாரிகள் இதில் ஒருமித்த கருத்துடையோராக இல்லை. இந்திய அரசின் சுகாதார ஆணையராயிருந்த ஜே. எம். கனிங்காம், காலரா ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை, நீர்வழிப் பரவுகிறது என்பதற்கும் சான்றில்லை என்ற நிலைப்பாட்டை விடாது பற்றியிருந்தார். மண், காற்று, பருவம் ஆகியவற்றின் சேர்க்கையே, அதாவது இடமே, நோயின் காரணம் என்பது அவர் பக்கத்தார் கொள்கை. தொற்று என்று ஒப்புக்கொண்டால் கப்பல்களுக்குத் தடைக்காப்பு வரும், வணிகம் பாதிக்கும். இந்தக் கொள்கையின் பின்னணியில் அந்தக் கணக்கும் இருந்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் பலர் காட்டியுள்ளனர். சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையராயிருந்த எம். சி. ஃபர்னல் இதற்கு மாறாக நீரையே குற்றஞ்சாட்டினார். ‘இந்தியாவில் காலராவும் நீரும்’ என்னும் பொருளில் 1887-இல் அவர் ஒரு நூலே எழுதினார்.

அந்நூலுக்கு முன்னரே 1876-1878 பெரும்பஞ்சம் வந்துபோயிருந்தது. 1877-ஆம் ஆண்டில் மட்டும் சென்னை மாகாணத்தில் பதிவான காலரா இறப்புகள் மூன்றரை லட்சத்தைத் தாண்டின. பசியால் நலிந்த மக்கள் வற்றிய ஆற்றின் குட்டைகளில் நீர் முகந்த ஆண்டு அது. லூயிஸ் மூர் தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு 1878-இலும், எஃப். ஆர். ஹெமிங்வேயின் மாவட்ட விவரச்சுவடி 1907-இலும் வெளிவந்தன. இவற்றையும் ஆண்டுதோறும் வந்த சுகாதார அறிக்கைகளையும் படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும். அவற்றின் அலகு மாவட்டம், மாதம், இறப்பு எண்ணிக்கை. ‘எங்கே, எப்போது, எத்தனை’ என்பவை மட்டுமே அவற்றில் கேட்கப்பட்டன.

‘எங்கே’ என்ற வினாவிற்கு அளிக்கப்பட்ட விடையைப் பொறுத்துச் செலவை யார் ஏற்பது என்பதும் மாறியது. நோய் இடத்தில் இருந்தால் அரசு செய்யக்கூடியது சிறிது. நீரில் இருந்தால் நகராட்சி நீரேற்று நிலையம் அமைக்கவேண்டும். பயணியிடம் இருந்தால் பயணியைத் தடுத்தால் போதும். இவற்றுள் செலவு குறைந்தது மூன்றாவது வழி. திருவிழாக் கூட்டங்களைக் கண்காணித்தல், கிணறுகளில் பெர்மாங்கனேட் இடுதல், பின்னாளில் காலரா ஊசி என்னும் வரிசையில் நடவடிக்கைகள் வந்தன. திருவிழாக்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே தனி விதிகளை 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வகுத்தது. திருவிழாவிற்கு வந்தவர் நோயைக் கொண்டுவந்தவராகக் கருதப்பட்டார். இவ்வூர் நீரைக் குடித்து நோயைப் பெற்றவராக அவரைக் கருதிய பதிவுகள் அருகியே காணப்படுகின்றன.

துடிக்கும் உயிரியும் அதன் பெயரும்

இத்தாலியின் ஃபிலிப்போ பச்சினி 1854-இல் ஃபுளோரன்ஸ் நகரில் காலராவால் இறந்தோரின் குடலில் இந்நுண்ணுயிரியைக் கண்டு அதற்கு விப்ரியோ என்று பெயரிட்டார். துடித்தல், அதிர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த பெயர் அது. உருவத்தைவிட இயக்கமே கண்ணில் முதலில் பட்டது என்பதற்குப் பெயரே சான்று. பச்சினியின் கண்டுபிடிப்பை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ராபர்ட் கோக் எகிப்திலும் பின்னர்க் கல்கத்தாவிலும் ஆய்வு செய்து, 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காற்புள்ளியைப் போல் சற்று வளைந்த கோலுயிரியைத் தனித்து வளர்த்ததாக அறிவித்தார். கல்கத்தாவில் மக்கள் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் அவர் அதைக் கண்டார். ஆங்கிலேயர் அனுப்பிய குழு அவர் முடிவை மறுத்தது. குளத்து நீரில் இருந்தது என்பது மறுக்கப்பட்டதற்கும், குளத்தை மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதற்கும் தொடர்பில்லை என்று கொள்வது கடினம்.

அந்த இயக்கத்தைத் தருவது கசையிழை. 1836-இல் எரன்பெர்க் வேறொரு பெரிய பாக்டீரியத்தில் அத்தகைய இழையைக் கண்டதாக எழுதியுள்ளார். ஆனால் ஒரு மைக்ரோமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள இழையைச் சாதாரண நுண்ணோக்கியில் காண இயலாது. 1889-ஐ ஒட்டி ஃபிரீட்ரிக் லோஃப்ளர் டேனின் கலந்த நிறமூன்றியைப் பயன்படுத்தி இழையைத் தடிக்கச் செய்து, அதன்மேல் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்தார். அப்போதுதான் வால் தெளிவாயிற்று. காலரா விப்ரியோவில் அது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு முனையில். நச்சுக்காய்ச்சலை உண்டாக்கும் கோலுயிரியிலோ உடலைச் சுற்றிலும் பல இழைகள்.

இங்குச் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. தமிழகப் பாடநூல்கள் இவ்வுறுப்பைக் கசையிழை என்கின்றன. ஈழத்து அறிவியல் தமிழில் இதற்குச் சவுக்குமுளை என்று பெயர். இரண்டும் சாட்டை என்னும் இலத்தீன் பொருளைத் தழுவியவையே. எனினும் முதற்சொல் முழுதும் உருவான ஓர் இழையைக் காட்டுகிறது. இரண்டாம் சொல்லில் ‘முளை’ இருப்பதால், ஏதோ ஓரிடத்திலிருந்து முளைத்தது என்ற குறிப்பு உள்ளது. எங்கிருந்து முளைக்கிறது, ஏன் அங்கிருந்து மட்டும் முளைக்கிறது என்பதே இனிவரும் பகுதியின் பொருள். கலைச்சொல்லாக்கத்தில் இரு நாடுகளும் தனித்தனி வழி சென்றதைக் குறையாகவே கூறுவது வழக்கம். இவ்விடத்தில் அதனால் ஒரு நன்மை விளைந்துள்ளது.

அடையாளமாக நின்ற வால்

1890-இல் மெசியா கசையிழைகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டு பாக்டீரியாக்களை வகைப்படுத்த முன்மொழிந்தார். முனையில் ஒன்று, முனையில் கற்றை, இரு முனையிலும், உடல் முழுவதும் என்னும் அப்பாகுபாடு இன்றும் பள்ளிப் பாடநூலில் உள்ளது. பெர்ஜியின் கையேடு வகைப்பாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாக அதை ஏற்றது. அதன் 1957-ஆம் ஆண்டுப் பதிப்பில் முனைக்கசையிழை உடையவை தனி வரிசையாகவே பிரிக்கப்பட்டிருந்தன. ஐனார் லைஃப்சன் 1960-இல் பாக்டீரியக் கசையிழைகளுக்கென்று ஒரு படத்தொகுப்பையே வெளியிட்டார். இழை எங்குள்ளது என்பதை மிகுந்த உழைப்புடன் இவர்கள் பதிவு செய்தனர். ஏன் அங்குள்ளது என்று கேட்கவில்லை.

நோய்த்தடுப்புக் களத்திலும் இதுவே நிலை. நோயாளியின் கழிவிலிருந்து ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தால் விப்ரியோக்கள் அம்புபோல் பாய்ந்தோடும். கொசுக்கூட்டத்தின் ஆட்டம் என்பது பாடநூல்களின் உவமை. துளியோடு உரிய எதிர்ச்சீரத்தைக் கலந்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். 1960-களில் டாக்காவில் வடிவம்பெற்ற இச்சோதனை, சில நிமிடங்களில் நோயை உறுதிசெய்ய உதவியது. கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் போன்ற ஆய்வகங்கள் இல்லாத சிற்றூர்களுக்கு இத்தகைய எளிய சோதனைகளே வாய்த்தன. ஓடுகிறதா, நிற்கிறதா என்பது போதும். ஓட்டம் எவ்வாறு அமைந்தது என்பது மருத்துவருக்குத் தேவைப்படவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. வாந்திபேதி நோயாளிக்குக் கையிலுள்ள நேரம் சில மணிகளே.

உயிரைப் பறிப்பது கசையிழையன்று, நஞ்சு. அதை 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் தே நிறுவினார். ஆயினும் கசையிழை இயங்காத விப்ரியோக்கள் விலங்குச் சோதனைகளில் நோயூட்டும் ஆற்றலில் குன்றியிருந்தன என்பது 1970-களில் வெளிப்பட்டது. குடற்சுவரின் கோழைப்படலத்தைக் கடந்து செல்ல ஓட்டம் வேண்டும். இதற்கிடையே, கசையிழை சாட்டைபோல் சொடுக்குவதில்லை, கப்பலின் உந்துதிருகுபோல் சுழல்கிறது என்பதை 1973-இல் பெர்க்கும் ஆண்டர்சனும் வாதிட்டனர். அடுத்த ஆண்டு சில்வர்மனும் சைமனும் சோதனையால் காட்டினர். சாட்டை என்ற பெயர் அன்றே பொருந்தாததாயிற்று. இருமொழியிலும் அது நிலைத்துவிட்டது. விப்ரியோவின் சுழற்பொறி சோடியம் அயனிகளின் ஓட்டத்தால் இயங்குகிறது. அதன் இழைமேல் ஓர் உறையும் உண்டு.

ஒரு நூற்றாண்டுத் தாமதத்தின் முழுப்பொறுப்பையும் நிருவாகத்தின்மீது சுமத்துவது முறையன்று. மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கவும், உயிருள்ள உயிரணுவுக்குள் ஒரு புரதத்தை ஒளிரச் செய்து அதன் இடத்தைக் காணவும் வழி பிறந்தபின்னரே ‘ஏன் அங்கு’ என்ற வினாவிற்கு விடை காண முடிந்தது. ஆனால் விடை காண இயலாத வினாக்களும் கேட்கப்படுவதுண்டு. இவ்வினா அவ்வாறு கேட்கப்பட்டதற்கான தடயம்கூட அரிதாயிருப்பதே விளக்கம் வேண்டி நிற்கிறது. காலரா ஆய்வின் தொடக்கக் காலப் பணமும் ஆளும் இனங்காணல், தடுப்பூசி, புள்ளிவிவரம் என்னும் மூன்றிற்கே சென்றன. கிருமி ஓர் எதிரி. எதிரியின் அங்க அடையாளம் போதும் என்பது அவற்றில் உறைந்திருந்த எண்ணம். அது தன் உடலைத் தானே அமைத்துக்கொள்ளும் ஓர் உயிர் என்ற எண்ணம் பின்னரே வந்தது.

எண்ணத் தெரிந்த உயிரணு

ஒரு கோலுயிரி நீண்டு வளர்ந்து நடுவில் பிரியும்போது ஒவ்வொரு சேய்க்கும் ஒரு முனை தாயிடமிருந்து வருகிறது. மறுமுனை பிரிந்த இடத்தில் புதிதாக உண்டாகிறது. எனவே ஓர் உயிரணுவின் இரு முனைகளுக்கும் வயது ஒன்றன்று. இவற்றைப் பழமுனை, புதுமுனை என்று குறிக்கலாம். விப்ரியோவின் கசையிழை பழமுனையில் உள்ளது. தாய் பிரிந்ததும் ஒரு சேய் அவ்விழையை அப்படியே பெறுகிறது. மற்றொரு சேய்க்கு இழை இல்லை. அது தன் பழமுனையில், தாய்க்கு இழையில்லாதிருந்த மறுமுனையில், ஒன்றைப் புதிதாகக் கட்டவேண்டும். இரண்டு கட்டினாலும் தவறு, நடுவுடலில் கட்டினாலும் தவறு. இருபது முதல் முப்பது நிமிடத்திற்கு ஒருமுறை பிரியக்கூடிய உயிரி இந்தக் கணக்கைத் தவறாமல் போடுகிறது.

2000-இல் விப்ரியோ காலரேயின் முழு மரபணுத்தொகுதி வெளியானது. அதே ஆண்டில், முனைக்கசையிழை கொண்ட சூடோமோனாஸ் புட்டிடா என்னும் மண் பாக்டீரியத்தில் கசையிழையின் இடத்தை நிருணயிக்கும் எஃப்.எல்.எச்.எஃப். என்னும் புரதம் விவரிக்கப்பட்டது. அதன் இணை எஃப்.எல்.எச்.ஜி. இக்கட்டுரையில் சுருக்கம் கருதி எஃப் புரதம், ஜி புரதம் என்று இவை குறிக்கப்படுகின்றன. 2005-இல் கிளோஸ் குழுவினர் விப்ரியோ காலரேயிலும், 2006-இல் நகோயாவில் ஹோம்மா குழுவினர் அதன் கடல்வாழ் உறவான விப்ரியோ ஆல்ஜினோலிட்டிக்கஸிலும் இவ்விரண்டையும் ஆராய்ந்தனர். எஃப் புரதத்தை நீக்கினால் பெரும்பாலான உயிரணுக்களில் இழையே இல்லை. மிகுவித்தால் முனையில் பல இழைகள் தோன்றின. ஜி புரதத்தை நீக்கினால் முனையில் பல இழைகள். மிகுவித்தால் இழை இல்லை. ஒன்று ‘இங்கே கட்டு’ என்கிறது, மற்றது ‘போதும்’ என்கிறது. ஒன்று என்னும் எண் இவ்விரண்டின் இழுபறியில் நிலைபெறுகிறது.

இவ்விரு புரதங்களின் குடும்பமரபு கவனிக்கத்தக்கது. எஃப் புரதம், புரதங்களை உயிரணுச் சவ்வுக்குக் கொண்டுசேர்க்கும் மிகத் தொன்மையான அமைப்பொன்றின் உறவு. ஜி புரதமோ மின்-டி எனப்படும் புரதத்தின் உறவு. உயிரணு சரியாக நடுவில் பிரிவதை உறுதிசெய்யும் அமைப்பின் உறுப்பு மின்-டி. நடுவை அறியும் குடும்பத்தில் பிறந்த ஒன்று முனையில் எத்தனை இழை என்று கணக்குப் பார்க்கிறது. வளர்ச்சியும் பிரிவும் கசையிழையின் இடமும் தனித்தனிச் செய்திகளல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

2011-இல் வெளியான ஒரு முடிவு இவை அனைத்தினும் வியப்பூட்டுவது. எஃப், ஜி ஆகிய இரண்டோடு எஸ்.எஃப்.எல்.ஏ. என்னும் மூன்றாவது புரதத்தையும் இழந்த விப்ரியோ ஆல்ஜினோலிட்டிக்கஸ், உடலைச் சுற்றிலும் முனைக்கசையிழைகளை முளைக்கவிட்டது. அதாவது, எங்கும் முளைக்கும் திறன் அவ்வுயிரணுவில் முன்பே இருக்கிறது. அது அடக்கி வைக்கப்பட்டுள்ளது. முனை, இழை முளைக்கக்கூடிய ஒரே இடமன்று. முளைக்க அனுமதிக்கப்பட்ட ஒரே இடம். வகைப்பாட்டாளர்கள் இரு வேறு வரிசைகளாகப் பிரித்த உடலமைப்புகளுக்கு இடையிலான தொலைவு சில புரதங்களே என்று இதனால் தெரிகிறது. ஆற்றுநீரை மறிக்கும் அணையை இதற்கு உவமை கூறத் தோன்றும். ஆனால் அணையை ஒருவர் திறந்து மூடுகிறார், இங்கு அத்தகைய ஒருவர் இல்லை.

‘போதும்’ என்பது எவ்வாறு கணக்கிடப்படுகிறது? நன்னீரிலும் கடலிலும் வாழும் ஷெவனெல்லா புட்ரிஃபேசியன்ஸில் 2020-இல் வெளியான ஆய்வு ஒரு விடை தருகிறது. ஜி புரதம் முதலில் கசையிழையின் அடித்தளத் துண்டுகளைத் தாங்கி முனைக்குச் செல்கிறது. துண்டுகள் கட்டடத்தில் பொருந்தியதும் அவற்றைவிட்டு விலகுகிறது. விலகியபின், கசையிழை மரபணுக்களை இயக்கும் தலைமைப் புரதத்தைப் பற்றி அதைத் தடுக்கிறது. கட்டுமானம் முடிந்ததே அடுத்த கட்டுமானத்திற்கான தடையாகிறது. எண்ணுவதற்கென்று தனிக் கணக்குப்பிள்ளை எவருமில்லை. செங்கல் சுமந்தவரே வேலை முடிந்ததும் சூளைக்குச் சென்று ‘இனி வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறார்.

முனை என்பதை உயிரணு எவ்வாறு அறிகிறது என்பது இன்னும் ஆழமான வினா. 2012-இல் யமாய்ச்சியும் உடனாய்வாளர்களும் விப்ரியோ காலரேயில் ஹப்-பி என்னும் பெரும்புரதத்தைக் கண்டனர். முனையில் நிலைகொள்ளும் அது, குரோமோசோமைப் பங்கிடும் அமைப்பையும், உணவை நோக்கி நீந்தச் செய்யும் உணரிகளையும், ஜி புரதத்தையும் ஒரே இடத்தில் பிணைக்கிறது. பரம்பரைப் பொருளைப் பிரிப்பதும் வாலை அமைப்பதும் ஒரே தூணில் கட்டப்பட்டுள்ளன. எஃப் புரதம் சரியான முனையை அடைவதற்குத் துணைபுரியும் ஃபிப்-ஏ என்னும் மற்றொரு புரதம் 2024-இல் விவரிக்கப்பட்டது. தூணை முனையில் நட்டது எது என்று கேட்டால், முனையின் வளைவும் சுவரின் வேதியியலும் பற்றிய ஆய்வுகளுக்குள் புகவேண்டும்; அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மீண்டும் நீர்

1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் ஒரு புதிய வாந்திபேதி அலை தோன்றியது. நோயாளிகளிடமிருந்து பெற்ற விப்ரியோக்கள், அதுவரை கொள்ளைநோய்க் காலராவுக்கு உரியதாகக் கருதப்பட்ட ஓ1 எதிர்ச்சீரத்தோடு வினைபுரியவில்லை. மதுரையிலும் வேலூரிலும் காணப்பட்டு, பின் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்திற்கும் பரவிய அதற்கு ஓ139 என்று பெயரிடப்பட்டது. நம்பியிருந்த சீரம் கைவிட்டது. மேற்பரப்பின் சர்க்கரைச் சங்கிலிகளை மாற்றிக்கொண்டு அவ்வுயிரி அடையாளச் சோதனையைத் தப்பியது. முனையிலுள்ள ஒற்றைக் கசையிழையை அது மாற்றிக்கொள்ளவில்லை.

காவிரிப் படுகை நெடுங்காலம் காலரா நிலைகொண்ட பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. கங்கை, மகாநதி ஆகியவற்றின் கழிமுகங்களும் அப்பட்டியலில் உண்டு. இந்நோய் ஆற்றுப் படுகைகளில் ஏன் நிலைகொள்கிறது என்பதற்கு ரீட்டா கோல்வெல் குழுவினர் 1980-களில் புதியதொரு விளக்கம் அளித்தனர். விப்ரியோ காலரே மனிதரின்றியே கழிமுக நீரில், நுண்ணிய மிதவையுயிரிகளின் உடலில் ஒட்டி வாழக்கூடியது. மனிதக் குடல் அதன் வாழிடங்களுள் ஒன்று மட்டுமே. அவ்வாறாயின், நோய் இடத்தில் உறைகிறது என்ற கனிங்காமின் கொள்கையில் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் அவர் காற்றிலும் மண்ணிலும் தேடியது, ஃபர்னல் சுட்டிக்காட்டிய நீரிலேயே இருந்தது. நீரில் வாழும் உயிரிக்கே நீந்தும் உறுப்பு தேவை. மிதவையுயிரியின் மேற்பரப்பைத் தேடி அடைவதற்கும், குடற்சுவரை அடைவதற்கும் ஒரே வால்தான் பயன்படுகிறது.

இவ்விளக்கத்தின்படி பார்த்தால், மார்கழித் திருவிழாவிற்குத் திருவரங்கம் வந்து, அம்மா மண்டபத்தில் நீராடி, சத்திரத்தில் இறந்துபோன பெயர் தெரியாத பயணியைப் பற்றிய பதிவுகள் மறுவாசிப்புக்கு உரியவை. அவர் நோயைச் சுமந்து வந்தவரா, இங்கே பெற்றவரா என்பதை மாவட்ட, மாத அட்டவணைகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. நோயுற்ற நாளும் ஊருக்கு வந்த நாளும் தனித்தனியே குறிக்கப்பட்ட ஆவணங்கள் வேண்டும். நகராட்சித் தீர்மானப் புத்தகங்களிலும் சத்திரக் கணக்குகளிலும் அத்தகைய பதிவுகளைத் தேடுவது, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் நகராட்சிகள் இரண்டும் 1994-இல் ஒரே மாநகராட்சிக்குள் இணைந்துவிட்ட பின்னர், முன்னைவிடக் கடினமான பணியாகியுள்ளது. பழைய தாள்கள் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு இடம்பெயரும்போது எவை வந்து சேர்ந்தன, எவை சேரவில்லை என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். அப்பணி இனித்தான் தொடங்கவேண்டும்.